குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

இரண்டு சந்தோஷம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கி வந்து பார்த்தேன். இரண்டு கோடு. நம்பாமல் நேற்றும் பார்த்தேன். இரண்டு கோடு. ஆறு வருஷமாக மதுரை, நாகர்கோவில் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, சரி போதும் என்று விட்ட பிறகு, தானாக. என் கணவர் தவமணியிடம் சொன்னேன். வேனைக் கழுவப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் கழுவின பக்கத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அது முதல் சந்தோஷம். இரண்டாவது, இன்றைக்கு எங்கள் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் விழுந்தது. சிவகாசிக்கு வெளியே இந்தப் பொன்னகரத்தில் வீடு கட்டி வந்த நாளில் இருந்து குடிதண்ணீருக்கு நாய்படாத பாடு. தெருவில் மூன்று பேர் போர் போட்டு மூன்றும் உப்பு. எங்களுக்கும் உப்புதான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மத்தியானம் குழாய் வழியே சேறு பீய்ச்சியடித்தது, பிறகு வெள்ளை வெளேரென்று தண்ணீர். போர் வண்டிக்காரர் உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "தவமணி, இளநி மாதிரி இருக்குய்யா" என்றார். தெருவே குடத்தோடு வந்துவிட்டது. "வயித்துல வந்த பிள்ளையோட ராசி" என்றாள் பவளம் மதினி. என் கணவரின் அக்கா அவள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது ஊருக்கே தெரியும்.

தெருக்காரர்கள் எல்லோரும் வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று தவமணி சொல்லிவிட்டார். அவர் சட்டையெல்லாம் சேறு. அப்படி ஒரு முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 11, புதன்

வாந்தி. சோறு கூடாது, சாம்பார் வாசனை கூடாது, தவமணி போடும் பவுடர் கூடாது. எங்கள் போர் தண்ணீர் மட்டும் வயிற்றில் தங்குகிறது. செம்பு செம்பாகக் குடிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் பெரிய பாட்டிலில் கொண்டுபோகிறேன். என் கபடி பிள்ளைகள், "பி.டி. டீச்சரே தண்ணி லாரி மாதிரி வாராங்க" என்று சிரிக்கிறார்கள்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பு கேட்டேன். குதிரை ஓடுகிற மாதிரி. அதைப் பற்றி எழுதியே இந்தப் பக்கத்தை நிரப்பலாம்.

வெடிச்சத்தத்துக்கு உள்ளே பிள்ளை துள்ளுகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார் தவமணி. அதற்குள் தெரியாதுங்க என்றாலும் கேட்கவில்லை.

எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் பழைய பட்டாசு ஆபீஸ் இருந்த பொட்டல். (இந்தப் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) ஆபீஸ் மூடி வருஷக்கணக்காகிறது. ஆனால் அங்கே இருக்கும் பெரிய குழியில், யார் யாரோ வீணாய்ப் போன மருந்தைக் கொட்டி எரிக்கிறார்கள். மருந்து என்றால் பட்டாசுக்குள் போடும் பொடி. போன வாரம் அடித்த மழையில் குழி நிரம்பிக் குளமாகிவிட்டது. நல்ல மழை. எங்கள் போரிலும் தண்ணீர் மேலே வந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

எதிர் வரிசைத் தமயந்தியும் முழுகாமல் இருக்கிறாள். அச்சகத்தில் காலண்டர் கோக்கிற பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்ததும், "டீச்சரக்கா, எனக்கும் ஒண்ணுமே உள்ள போக மாட்டேங்குது" என்று அழுதாள். "நம்ம தண்ணியக் குடிச்சுப் பாரு, வாந்தி நிக்கும்" என்று நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். வயிற்றோடு குடம் தூக்கியதற்குத் தவமணி திட்டினார்.

செக்கப்பில் எனக்கு தைராய்டு சுரப்பு லேசாகக் குறைந்திருக்கிறதாம். சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் பலருக்கும் வருவதுதானாம்.

பிள்ளை இன்றைக்கு உதைத்தது. உண்மையான உதை. வலப் பக்கமாக, என் கபடி டீமின் ரைட் ரெய்டர் மாதிரி.

பிப்ரவரி 2, ஞாயிறு

என் பிள்ளைகள் மாவட்டக் கபடியில் ஜெயித்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. டாக்டரிடம் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 9, புதன்

பெண். பெண். பெண்.

காலையில் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல். தலை நிறைய முடி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் மின்விசிறி ஓடவில்லை, பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர், எதுவும் எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. தவமணி கையில் வாங்கப் பயந்து, கதவோரம் நின்றே பார்த்தார். பெயர் நிறைமதி. கோயிலில் சீட்டெடுத்து வைக்க வேண்டும் என்று மதினி சொன்னாள். நான் ஏற்கெனவே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் நர்ஸம்மா நிறைமதியின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு அட்டையில் ரத்தச் சொட்டு வைத்தார். எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதாம். ஏதாவது வித்தியாசமாக இருந்தால்தான் கூப்பிடுவார்களாம். குத்தியதற்கு இரண்டு விசும்பலோடு நிறுத்திக்கொண்டாள் என் மகள். பக்கத்துக் கட்டில் பிள்ளை வார்டையே தூக்கிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

இவ்வளவு நல்ல பிள்ளையை உலகத்தில் யாரும் பெற்றிருக்க மாட்டார்கள். அழுகையே கிடையாது. பால் கொடுக்க நான்தான் எழுப்ப வேண்டும். இரண்டு இழு இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவாள். முகம் கொழுகொழுவென்று முழு நிலா மாதிரி. பெயர் பொருந்திவிட்டது. மஞ்சள் காமாலை இன்னும் முழுக்க இறங்கவில்லை, வெயிலில் காட்டுகிறோம்.

தெருப் பெண்கள் வந்து பார்த்து, "கொடுத்து வச்சவ, நீ தூங்கலாம்" என்றார்கள். பவளம் மதினி மட்டும் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன் கனி, பிள்ளைக்குக் கை காலு இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள். மின்விசிறிக் காற்று என்றேன். அவளுக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து போன். திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டி வர வேண்டுமாம். ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம். அட்டை நனைந்திருக்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

அட்டை நனையவில்லை.

டாக்டர் ஷாஹிதா பானு பிள்ளைகள் டாக்டர். என்னைவிட வயது குறைவாக இருக்கலாம். புதிதாக ரத்தம் எடுத்து உடனே பார்க்கச் சொல்லிவிட்டு, நிறைமதியின் நாக்கையும் தொப்புளையும் பார்த்தார். "பிள்ளை ரொம்ப அழுவாளா?" என்று கேட்டார்.

"அழவே மாட்டா டாக்டர்" என்றேன். அதைச் சொன்னபோதும் எனக்குப் பெருமைதான். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் குரல் இறங்கியது.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சுரக்க வேண்டிய அளவு சுரக்கவில்லை என்றார். அந்தச் சுரப்புதான் பிள்ளையின் மூளை வளர, எலும்பு வளர. சூடு, பசி, அழுகை எல்லாவற்றுக்கும் அதுதான். நான் நாற்காலி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தவமணி, "மூளைக்கு எதும் ஆயிருச்சா டாக்டர்?" என்று கேட்டார். என்னால் கேட்க முடியாததை அவர் கேட்டார்.

"இல்லங்க. அதுக்குத்தான் இவ்வளவு சீக்கிரமா குதிகால்ல குத்திப் பார்க்கிறோம். இது தெரியாமலே மாசக்கணக்கா போனாத்தான் ஆபத்து. நீங்க ரெண்டு வாரத்துக்குள்ள வந்துட்டீங்க. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுடலாம். மத்த பிள்ளைங்க மாதிரியே வளருவா."

எனக்கு அந்த வார்த்தை போதும். மத்த பிள்ளைகள் மாதிரியே. எழுந்து நின்றுவிட்டேன். எந்தக் கடையில் மாத்திரை, எப்படிக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று கேள்வியாக அடுக்கினேன். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. இருக்கிறதே, அதுவே பெரிய சமாச்சாரம்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "உங்க பக்கத்துல இருந்து இந்த ஒரு வருஷத்துல இப்படி ரெண்டு மூணு பிள்ளைங்க வந்திருக்காங்க. நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"எங்க சொந்த போர்தான். நல்ல தண்ணி" என்றார் தவமணி.

"பக்கத்துல பட்டாசு மருந்து கொட்டுற இடம் எதாவது இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியைப் பற்றி நான் சொன்னேன்.

பட்டாசுப் பொடியில் பெர்குளோரேட் என்று ஒரு உப்பு உண்டாம். தண்ணீரில் சர்க்கரை மாதிரிக் கரைந்துவிடும், நிறமோ வாசனையோ கிடையாது. "தைராய்டுக்கு அயோடின் வேணும். அயோடின் நுழையற வாசல்ல இந்த உப்பு போய் அடைச்சுக்கிட்டு நிக்கும். பெரியவங்க ஓரளவு தாங்கிக்குவாங்க. வயித்துப் பிள்ளைக்குச் சேமிப்பே கிடையாது" என்றார். உடனே, "உங்க பிள்ளைக்கு இதனாலதான்னு நான் சொல்லல. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்தத் தண்ணியைச் சோதிச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் நீங்க குடிக்காதீங்க, பால் கொடுக்கறீங்கல்ல. பாலை நிறுத்தவும் வேண்டாம்" என்றார்.

வரும் வழி முழுக்க தவமணி வேனை மெதுவாகவே ஓட்டினார். நான் மாத்திரைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. காலையில் பொடித்து, ஒரு கரண்டிப் பாலில் கலந்து, உதட்டோரமாக விடுகிறேன். துப்பாமல் விழுங்கிவிட்டாள். சாம்பியன்.

குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். தவமணி அதைப் பார்த்துவிட்டு, நேராகக் குழாயடிக்குப் போய் ஒரு செம்பு போர் தண்ணீரைப் பிடித்து என் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தார்.

"இந்தா, குடிச்சிட்டேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

"உங்க வயித்துல பிள்ளை இருக்கா?"

செம்பைக் கீழே வைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு அவர் சாப்பிடவும் வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

டாக்டர் சொல்லி, வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறையில் இருந்து ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார். ரிப்போர்ட் வர நாளாகுமாம்.

"வர்ற வரைக்கும் தெருவுல வாயத் திறக்காத" என்றார் தவமணி. "ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா? ஊருக்கே பயத்தைக் கிளப்பிவிட்டது நாமன்னு ஆயிரும்."

"இருக்குன்னு வந்துட்டா?"

"கனி, அந்த போரைப் போட்டது நான்."

 அப்போது வாசலில் தமயந்தி குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. என் மகளுக்கு வயிற்றில் ஆறு மாதம் இருந்தபோது நான் எத்தனை செம்பு குடித்தேன் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கால் வாசலுக்குப் போய்விட்டது. அவள் குடத்தை வாங்கிக் கீழே கவிழ்த்தேன். அவளைப் பயமுறுத்தாமல் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "வாந்தி நிக்கும்னு சொல்லித் தினமும் குடுத்தது யாரு டீச்சரக்கா?" என்றாள். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 30, புதன்

தமயந்தியின் புருஷன் அவளை டாக்டர் ஷாஹிதாவின் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயிருக்கிறான். தைராய்டு பார்த்து, அயோடின் பார்த்து, மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். மதினி சொல்லித்தான் தெரியும். என்னிடம் அவள் பேசுவதில்லை. பரவாயில்லை. போனாளே.

மே 6, செவ்வாய்

இன்றைக்கு மத்தியானம் நிறைமதி அழுதாள்.

அழுதாள் என்றால் சிணுங்கவில்லை. முகம் சிவந்து, கையை முறுக்கி, தொண்டை கிழிய, பால் வர ஒரு நிமிஷம் தாமதமானதற்காக. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், அது பொங்கி வழிந்தது. மதினி தொட்டிலுக்கு மேலே குனிந்து, "கத்து தாயி, கத்து. ஊரு கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அழுகிறாள். நான் உடனே தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது. தவமணிக்கு போன் போட்டு, தொட்டில் பக்கம் பிடித்தேன். விருதுநகர் ரோட்டில் வேனை ஓரங்கட்டிவிட்டாராம். "நிறுத்திராத, நிறுத்திராத" என்கிறார். போனைச் சொல்கிறாரா, அழுகையைச் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கை கால் சூடாக இருக்கிறது.

மே 8, வியாழன்

மறு ரத்தம் எடுத்தார்கள். சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. மூன்று வயது வரை மாத்திரை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பார்களாம், சுரப்பி தானாக வேலை செய்கிறதா என்று. மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷம் பொடித்துக் கொடுப்பேன்.

மே 23, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. தண்ணீரில் அந்த உப்பு இருக்கிறது. இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது. டாக்டர் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டோம்.

தவமணி எழுந்து போய் மோட்டார் பெட்டியில் இருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவின் முதல் வீட்டில் இருந்து ஆரம்பித்தார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுதான். "என் போர் தண்ணியில பட்டாசு மருந்து கலந்திருக்காம். இனிமே குடிக்காதீங்க. மாசமா இருக்கிறவுக, கைப்பிள்ளை வச்சிருக்கிறவுக ஆஸ்பத்திரியில காட்டிருங்க." நல்ல தண்ணீர் என்று சொல்லும்போது வரும் குரல் இல்லை அது. ஆனால் ஒரு வீட்டையும் விடவில்லை.

இப்போதும் ஓடும் வேறொரு பட்டாசு ஆபீஸில் மேற்பார்வை பார்க்கும் வேலுச்சாமி அண்ணாச்சி வாசலை மறித்து நின்றார். "இந்த ஊரே அந்த மருந்துலதான் சோறு திங்குது. உம் புள்ளைக்கு நோவு வந்துச்சுன்னு ஆபீஸ மூட வக்கப் பாக்கிறியா?"

"ஆபீஸ மூடச் சொல்லல அண்ணாச்சி. குழிய மூடச் சொல்றேன்."

அண்ணாச்சி வாசலில் இருந்து நகரவில்லை. உள்ளே இருந்து அவர் மருமகள், இடுப்பில் நாலு மாதப் பிள்ளையோடு வந்து, "எந்த ஆஸ்பத்திரி அண்ணே?" என்று கேட்டாள்.

தமயந்தி வீட்டில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அங்கேயும் நின்று முழுவதையும் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

நிறைமதி சிரிக்கிறாள். ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் சீட்டியடித்தால் கழுத்தைத் திருப்புகிறாள். வேறு எதுவும் எழுத நேரமில்லை, குழியை மூடச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்கப் போக வேண்டும்.

ஜூலை 12, சனி

மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்றாவது முறை வேலுச்சாமி அண்ணாச்சியும் கூட வந்தார். குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, கொட்டுவதற்குத் தடை என்று பலகை வைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போவது எப்போது என்று கேட்டால் மேலிடத்தில் கேட்கிறோம் என்கிறார்கள். அள்ளும் வரை விடப் போவதில்லை. கபடியில் ஏழு பேர் டீமில் ஒருத்தி மிச்சம் இருந்தாலும் ஆட்டம் உண்டு.

கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. டவுன் குழாயில் இருந்து கேன்களில் பிடித்து, வேலைக்குப் போகும் முன்னால் தவமணி வீட்டுக்கு வீடு இறக்குகிறார். தமயந்தி வீட்டு வாசலில் இரண்டு கேன். அவர் வேனைக் கிளப்பிய பிறகுதான் அவள் கதவைத் திறந்து எடுக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

தமயந்திக்குப் பையன். தாயும் பிள்ளையும் நலம் என்று மதினி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் லீவு முடிந்து நான் போக ஆரம்பித்த முதல் வாரம். மைதானத்தில் நின்று மூன்று முறை தப்பான பாயின்ட் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

தமயந்தியின் பையனுக்கும் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்துவிட்டார்களாம். அழுதானா என்று மதினியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டு வாங்க என்றேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, மதினியிடம் இருந்து நிறைமதியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். தெருவில் தவமணி கேன் இறக்கிக்கொண்டிருந்தார். தமயந்தி வீட்டு வாசலில் இரண்டை வைத்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு வந்தார். கதவு திறந்தது.

"அண்ணே" என்றாள் அவள். மூன்று மாதத்துக்கு மேலாகிறது அந்தக் குரலைக் கேட்டு. "ஆஸ்பத்திரியில இருந்து போன் வராட்டி நல்லதுன்னுதான் சொன்னாக. எனக்குப் பொறுக்கல. நேத்தே எங்க வீட்டுக்காரவுகள அனுப்பிக் கேட்டுட்டேன்."

தவமணி வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். நான் தெருவின் நடுவில் நின்றேன். தோளில் நிறைமதி என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்காம்" என்றாள் தமயந்தி.

 அவள் உள்ளே போனாள். துணியில் சுற்றிய பையனோடு வெளியே வந்து, படியிறங்கி நேராக தவமணியிடம் போய், "பிடிங்க" என்று நீட்டினாள். அவர் கையைப் பார்த்தார். கேன் தூக்கின கை, ஈரம். வேட்டியில் ஒரு முறை துடைத்தார், மறுபடி ஒரு முறை துடைத்தார். சொந்த மகளைப் பிறந்த அன்று வாங்கப் பயந்த மனுஷன், அந்தப் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் நின்றார்.

"கனமா இருக்கான்" என்றார். மறுபடியும் சொன்னார். "நல்ல கனமா இருக்கான்மா."

தமயந்தி என் பக்கம் திரும்பினாள். "வெயில்ல நிக்காதீங்க டீச்சரக்கா. அவளையும் தூக்கிட்டு உள்ள வாங்க" என்றாள்.